ஒரு மேட்சுக்கு ஒரு ராத்திரி ரயில்

கோவில்பட்டியில் ராத்திரி ரயில் ஏறுகிறார்கள் பதினாறு பசங்களும் ஒரு பி.டி. சாரும். நெல்லை எக்ஸ்பிரஸோ முத்துநகரோ, ஏதோ ஒன்று. பாதிப் பேருக்கு பெர்த் இருக்கிறது, மீதிப் பேர் வெயிட்டிங் லிஸ்ட். ஸ்டிக்குகளை எல்லாம் சேர்த்துக் கட்டி சீட்டுக்கு அடியில் தள்ளியாச்சு. கோல்கீப்பரின் பேட் மூட்டையை எங்கே வைப்பது என்று டி.டி.ஆரோடு ஒரு பஞ்சாயத்து. விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, பஸ் மாறி, படப்பை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ஒரு கல்லூரிக்கு வந்து சேர்கிறார்கள். பத்து மணிக்கு மேட்ச். பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது. 1-2. நாக் அவுட் என்பதால் கதை அத்தோடு சரி. சாப்பாட்டுக் கூப்பனைக் கொடுத்து ஒரு தக்காளி சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரியே திரும்பவும் ரயில்.

இது கற்பனை டீம்தான், தேடாதீர்கள். ஆனால் ஊர் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால், கல்லூரி ஹாக்கி ஆடிய யாரைக் கேட்டாலும் "எங்களுக்கும் இப்படி ஒண்ணு நடந்துச்சு" என்பார்கள். அறுபது நிமிஷ ஆட்டத்துக்கு இரண்டு ராத்திரிப் பயணம்.

இப்போது இதே கதையை டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்ப்போம். எட்டு டீமை வைத்து நடத்திக்கொண்டிருந்த ஒரு கல்லூரி, இந்த வருஷம் பெரிசாகப் பண்ணலாம் என்று முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு எப்படிப் போகும்?

"சார், இந்த வருஷம் பதினாறு டீம் கூப்பிடலாம் சார்."

"கூப்பிடலாம்ப்பா. எங்க ஆட வைப்ப?"

பசங்க எண்ணிக்கையைப் பேசுகிறார்கள், சார் இடத்தைப் பேசுகிறார். இரண்டையும் சேர்த்து யோசிக்காத டோர்னமென்ட்டில்தான் மேலே சொன்ன கோவில்பட்டி டீம் ஒரே மேட்ச் ஆடிவிட்டுத் திரும்பிப் போகிறது.

கணக்கைப் போட்டுவிடலாம். பி.காம். பசங்களுக்கு இதெல்லாம் அல்வா. நாக் அவுட்டில் ஒவ்வொரு மேட்சும் ஒரு டீமை வெளியே அனுப்புகிறது. பதினாறு டீமில் பதினைந்து பேர் வெளியே போனால்தான் சாம்பியன் கிடைக்கும். ஆகவே 15 மேட்ச். எட்டு டீம் என்றால் 7. எல்லோரும் எல்லோரோடும் ஆடுகிற முழு லீக் என்றால் 16 டீமுக்கு 120 மேட்ச்! அதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். நாலு நாலாக நாலு குரூப் பிரித்தால் குரூப் ஆட்டங்கள் 24. குரூப்பில் முதலில் வந்தவர்கள் மட்டும் செமி ஃபைனல் ஆடி, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, ஃபைனல் ஒன்று என்று வைத்தால் மொத்தம் 28.

சரி, ஒரு மைதானத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மேட்ச் ஆடலாம்? சர்வதேச ஹாக்கி முன்பு 35 நிமிஷம் வீதம் இரண்டு பாதியாக 70 நிமிஷம் இருந்தது. 2014-லிருந்து 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், மொத்தம் 60 நிமிஷம். இடைவேளை, கோடு போடுவது, அடுத்த டீம் வார்ம் அப் பண்ணுவது எல்லாம் சேர்த்து ஒரு மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஜனவரி மாதத்தில் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றரைக்குள் மூன்று மேட்ச். உச்சி வெயிலில் யாரையும் ஆட வைக்காமல், மூன்று மணிக்குத் திரும்ப ஆரம்பித்தால் ஆறு மணிக்குள் இரண்டு. அதற்கு மேல் ஃப்ளட் லைட் இல்லாத மைதானத்தில் பந்து தெரியாது. ஆக ஒரு நாளைக்கு அஞ்சு. நாக் அவுட் நாலைந்து நாளில் முடியும். குரூப் முறை என்றால் ஆறு நாள். ஆறு நாள் பதினாறு டீமுக்கும் சோறும் படுக்கையும் யார் கொடுப்பது? இங்கேதான் எல்லோரும் "நாக் அவுட்டே போட்டுருவோம் மச்சான்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

அப்படி முடிக்கும்போது ஒரு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 16 டீம் நாக் அவுட்டில் சரியாகப் பாதி, அதாவது எட்டு டீம், ஒரே ஒரு மேட்சோடு போய்விடும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஃபிக்ஸட் காஸ்ட் என்று ஒன்று படிப்போமே, டீமின் ரயில் செலவு அதுதான். ஒரு மேட்ச் ஆடினாலும் அஞ்சு மேட்ச் ஆடினாலும் டிக்கெட் விலை மாறாது. மேட்ச் கூடக் கூட ஒரு மேட்சுக்கான செலவு குறையும். நடத்துகிறவர்களுக்கு நேர் எதிர். ஒவ்வொரு மேட்சுக்கும் அம்பயர் படி, தண்ணீர், பந்து, ஆள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நாக் அவுட் என்பது நடத்துகிற கல்லூரியின் செலவை வருகிற கல்லூரியின் தலையில் மாற்றிவிடுகிற ஏற்பாடு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பேலன்ஸ் ஷீட்டில் அந்தப் பக்கத்தை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பெரிய அளவில் இதே பிரச்சினை நம்ம ஊரிலேயே நடந்து முடிந்திருக்கிறது. ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி, 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை, சென்னையிலும் மதுரையிலும். 2016-இல் லக்னோவில் இந்தியா ஜெயித்தபோதும், 2021-இல் புவனேஸ்வரில் அர்ஜென்டினா ஜெயித்தபோதும், 2023-இல் கோலாலம்பூரில் ஜெர்மனி ஜெயித்தபோதும் 16 நாடுகள்தான் ஆடின. 2025-இல் முதல்முறையாக அதை 24 ஆக்கினார்கள். பெரிசு பண்ணியாச்சு. எங்கே ஆட வைப்ப? எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் ஒன்று மட்டும் பத்தாது என்று மதுரையில் சர்வதேசத் தரத்தில் ஒரு ஹாக்கி மைதானத்தையே புதிதாகக் கட்டினார்கள். 24 நாடுகள், நாலு டீம் வீதம் ஆறு குரூப், இரண்டு ஊர்.

இதில் கவனிக்க வேண்டியது குரூப்புக்குப் பிறகு நடந்தது. குரூப்பில் முதலாவதாக வந்த ஆறு டீம், இரண்டாவதாக வந்தவர்களில் சிறந்த இரண்டு, ஆக எட்டு டீம் கால் இறுதிக்குப் போயின. மீதி 16 டீமையும் "போய்ட்டு வாங்க" என்று ஏர்போர்ட்டுக்கு அனுப்பவில்லை. 9-லிருந்து 16 வரைக்கும், 17-லிருந்து 24 வரைக்கும் தனித்தனியாக ஆட வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கடைசி இடம் பிடித்த டீம் உட்பட ஒவ்வொரு டீமுக்கும் ஆறு மேட்ச். 24 பெருக்கல் 6, வகுத்தல் 2. மொத்தம் 72 மேட்ச்.

இந்தியாவின் குரூப்பில் பாகிஸ்தான் இருந்தது. அது விலகிக்கொள்ள, கடைசி நேரத்தில் ஓமன் வந்தது. மதுரையில் இந்தியா ஓமனை 17-0 என்று அடித்தது. "இதுக்குத்தான் டீமைக் கூட்டக் கூடாதுங்கறது" என்று சொன்னவர்கள் நிறைய. அதிலும் நியாயம் இருக்கிறது. 17-0 மேட்சைப் பார்க்க உட்கார்ந்திருப்பது ஜெயிக்கிற பக்கத்துக்காரனுக்கே கஷ்டம். ஆனால் அந்த ஓமன் பசங்களுக்கு அதற்குப் பிறகும் மேட்ச் இருந்தது, தங்களுக்குச் சமமான டீம்களோடு. முதல்முறையாக ஜூனியர் உலகக் கோப்பைக்கு வந்த பங்களாதேஷ் குரூப்பில் வெளியே போனாலும், கீழ்ப் பகுதியில் ஆடி 17-வது இடம் பிடித்தது. பழைய 16 டீம் முறையில் இந்தக் கதைகளுக்கு இடமே இருந்திருக்காது.

குறையும் இருந்தது. ஆறு குரூப் என்று பிரித்தால் கால் இறுதிக்கு இரண்டு இடம் மிச்சம் விழும். அதை நிரப்ப ஒரு குரூப்பின் இரண்டாம் இடத்தை இன்னொரு குரூப்பின் இரண்டாம் இடத்தோடு ஒப்பிட வேண்டும். ஒருத்தன் குரூப்பில் ரொம்பப் பலவீனமான டீம் இருந்தால் அவனுக்கு கோல் மழை. இன்னொருத்தன் குரூப்பில் நாலும் புலி. இரண்டு பேரும் ஆடாத பரீட்சையை வைத்து மார்க் போடுகிற மாதிரி. அப்படி இரண்டாம் இடத்திலிருந்து வந்த பெல்ஜியத்தோடுதான் இந்தியா டிசம்பர் 5 அன்று கால் இறுதி ஆடியது. 2-2, பிறகு ஷூட் அவுட்டில் 4-3. அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-5. மூன்றாம் இடத்துக்கான மேட்சில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து கடைசி குவார்ட்டரில் நாலு கோல் போட்டு 4-2. செமியில் தோற்றவர்களுக்கும் ஒரு மேட்ச் வைத்திருந்தார்கள் என்பதால்தான் அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை எழும்பூரில் உட்கார்ந்திருந்த கூட்டம் பார்த்தது. எத்தனையோ கல்லூரி டோர்னமென்ட்டில் முதலில் வெட்டப்படுவது இந்த மூன்றாம் இட மேட்ச்தான்.

ஆட்ட முறை ஒரு டீமின் தலையெழுத்தை எப்படி மாற்றும் என்பதற்கு 2023 சீனியர் உலகக் கோப்பையைப் பாருங்கள். புவனேஸ்வர், ரூர்கேலா என்று அதுவும் இரண்டு இடம். குரூப்பில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் ஆளுக்கு 7 பாயின்ட். கோல் வித்தியாசத்தில் இங்கிலாந்து முதலிடம், நேராகக் கால் இறுதி. இந்தியா கிராஸ் ஓவர் ஆட வேண்டி வந்து, நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்றது. குரூப்பில் தோற்காத டீம் கால் இறுதியே பார்க்கவில்லை.

சரி, உலகக் கோப்பையை விட்டுவிட்டு நம்ம ரோட்டுக்கு வருவோம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டிகளில் வழக்கமாக ஒரு முறை உண்டு. நாக் அவுட் நடத்தி நாலு டீமை எடுப்பது, அந்த நாலும் தங்களுக்குள் லீக் ஆடுவது. 16 டீம் என்றால் 12-உம் 6-உம் சேர்த்து 18 மேட்ச். மேலே வருகிற நாலு டீமை நியாயமாக வரிசைப்படுத்த இதைவிட நல்ல முறை கிடையாது. அங்கே நோக்கமே அகில இந்தியப் போட்டிக்குத் தகுதியான டீமைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆனால் அழைப்பின் பேரில் நடக்கிற கல்லூரி டோர்னமென்ட்டுக்கு அந்த வேலை இல்லை. இங்கே வருகிறவன் விருந்தாளி. விருந்தாளியை ஒரு வாய் சாப்பிட்டதும் எழுப்பி அனுப்பலாமா?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முதல் சுற்றில் தோற்ற எட்டு டீமுக்கும் தனியாக ஒரு நாக் அவுட், ஒரு சின்னக் கோப்பை. கூடுதலாக ஏழே மேட்ச், மொத்தம் 22. ஒரே மைதானத்தில் அஞ்சு நாள். எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மேட்ச் உறுதி. ரக்பியில் பிளேட் என்று இதைப் பல காலமாக நடத்துகிறார்கள்.

இன்னொன்று, மேட்சைக் குறைக்காமல் நிமிஷத்தைக் குறைப்பது. குரூப் ஆட்டங்களை மட்டும் பத்து நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர் வைத்தால், ஒரு மேட்சுக்கு ஒரு மணி நேரம் போதும். காலையில் நாலு, மாலையில் மூன்று, ஆக ஒரு நாளைக்கு ஏழு. 24 குரூப் மேட்சும் மூன்றரை நாளில் முடிந்துவிடும், ஐந்தாம் நாள் மாலைக்குள் ஃபைனல். செமியும் ஃபைனலும் மட்டும் முழு 60 நிமிஷம். கோவில்பட்டி டீம் எல்லாவற்றிலும் தோற்றாலும் மூன்று மேட்ச், 120 நிமிஷம் ஆடியிருக்கும். நாக் அவுட்டில் தோற்றால் அறுபது. கடுமையான விதிக்காரர்கள் "இது ஹாக்கியே இல்லை" என்பார்கள். 70 நிமிஷத்தை 60 ஆக்கியபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

நிமிஷத்தைக் குறைப்பதே மேல். காரணம், ஃபைனல் இயரில் இருக்கிற பையன். சென்னை ஹாக்கி என்றால் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, போலீஸ் என்று வேலை கொடுக்கிற டீம்கள்தான் நினைவுக்கு வரும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை என்பது கோவில்பட்டிப் பையனுக்கோ அரியலூர்ப் பையனுக்கோ வாழ்க்கை. கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள் என்பது அந்த ஊர்ப் பசங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்க வருகிற கோச் ஒருத்தர் செவ்வாய்க்கிழமை வந்தால், திங்கட்கிழமை தோற்ற டீமின் சென்டர் ஹாஃப் அவர் கண்ணிலேயே படமாட்டான். மூன்று நாளில் மூன்று மேட்ச் ஆடினால் ஒன்றிலாவது படுவான்.

அடுத்தது மைதானம். இங்கேதான் ரொம்பப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ரோட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, கார் கம்பெனி இருக்கிறது. ஒரகடத்தில் லாரி, புல்லட், டயர் எல்லாம் தயாராகிறது. வல்லம் வடகாலில் ஒரு சின்ன ஊரையே உள்ளே வைக்கிற அளவுக்குப் பெண் தொழிலாளர் விடுதி 2024-இல் திறந்தார்கள். ஆனால் ஹாக்கிக்கு 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலத்தில் சமமான தரை வேண்டும். கல்லூரிகளில் இருப்பது பெரும்பாலும் கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் பங்கு போட்டுக்கொள்கிற மண் தரை. எல்லோருக்கும் தெரிந்த டர்ஃப் என்றால் எழும்பூர், சுமார் 40 கிலோமீட்டர்.

"லீக் எல்லாம் நம்ம கிரவுண்டுல, செமி ஃபைனல், ஃபைனல் எழும்பூர் டர்ஃப்ல. போஸ்டர்ல போட கெத்தா இருக்கும்." இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மண் தரை ஹாக்கியும் டர்ஃப் ஹாக்கியும் ஒரே விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் 1976-ஐப் பார்க்க வேண்டும். மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். அதுவரைக்கும் எல்லா ஒலிம்பிக்கிலும் ஏதாவது ஒரு பதக்கத்தோடு வந்துகொண்டிருந்த இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. டிரிப்ளிங்கில் உலகத்தையே ஏமாற்றியவர்களால் பந்தின் வேகத்துக்கு ஓட முடியவில்லை. மண்ணில் பந்து எப்போது எகிறும் என்று தெரியாமல் ஸ்டிக்கை உஷாராக வைத்திருக்க வேண்டும். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், தாழ உட்கார்ந்து வாங்க வேண்டும். ஷூவே வேறு. மூன்று நாள் மண்ணில் ஆடி ஜெயித்த டீமைத் திடீரென்று டர்ஃபில் இறக்கினால், சின்ன வயதிலிருந்து டர்ஃபில் பழகிய டீமுக்கு அது பரிசு. தமிழில் வாய்ப்பாடு படித்தவனுக்கு மூன்று பேப்பர் தமிழில் வைத்துவிட்டு, கடைசிப் பேப்பரை பிரெஞ்சில் கொடுப்பது மாதிரி.

சென்னை–மதுரை ஏற்பாட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. ஊர்தான் இரண்டு, ஆட்டம் நடந்தது இரண்டிலும் டர்ஃபில். இந்தியாவே நவம்பர் 28 அன்று சென்னையில் சிலியோடு ஆடிவிட்டு மறுநாள் மதுரையில் ஓமனோடு ஆடியது. ஊர் மாறலாம், தரை மாறக் கூடாது. டர்ஃப் கட்டாயம் வேண்டுமென்றால் பதினாறு டீமுக்கும் குரூப்பில் ஆளுக்கு ஒரு மேட்ச் டர்ஃபில் கொடுங்கள், ஃபைனலுக்கு முன்னால் எல்லோரும் ஒரு தடவை கால் வைத்திருப்பார்கள். எட்டு மேட்சுக்கு டர்ஃப் வாடகை, பதினாறு டீமுக்கும் எழும்பூர் வரை பஸ். முடியாதென்றால் ஃபைனலும் மண்ணிலேயே நடக்கட்டும். போஸ்டர் கெத்து கொஞ்சம் குறையும்.

அப்போது இரண்டாவது மைதானம்? அது பக்கத்து கல்லூரியில். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒன்று, ஒரகடம் பக்கம் ஒன்று. நடுவில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர். இரண்டாவது மைதானம் நாளைக் குறைப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். குரூப்பின் கடைசி இரண்டு மேட்சையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க அது வேண்டும். 1982 ஃபுட்பால் உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி மேட்சை முதல் நாளே ஆடி முடித்துவிட்டது. மறுநாள் ஜூன் 25, கிகோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இறங்கின. 1-0 என்று ஜெர்மனி ஜெயித்தால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம். பத்தாவது நிமிஷம் ஒரு கோல். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பந்தை உருட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டினார்கள். அல்ஜீரியா வெளியே. அதற்குப் பிறகுதான் கடைசி குரூப் மேட்சுகளை ஒரே நேரத்தில் நடத்த ஆரம்பித்தார்கள். ஒரே மைதானம் வைத்திருக்கிற கல்லூரி டோர்னமென்ட்டில் இது நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால், அவர்கள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்ததில்லை என்று அர்த்தம்.

இரண்டு மைதானத்துக்கும் நடுவில் இருப்பது சாதாரண ரோடு இல்லை. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் மாதிரி வரும். கூடவே கன்டெய்னர், கார் ஏற்றிய டிரெய்லர். மேப்பில் இருபது நிமிஷம் என்று காட்டும் தூரம் ஒரகடம் கூட்டு ரோட்டில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. ஆகவே ஒரு டீமை ஒரே நாளில் இரண்டு மைதானத்துக்கும் அலைய விடக் கூடாது. இரண்டு குரூப் இங்கேயே, இரண்டு குரூப் அங்கேயே. டீம் தங்குவதும் அந்தந்தக் கல்லூரி ஹாஸ்டலிலேயே. நடுவில் ஓடுவது அம்பயர்களாகவும் நடத்துகிறவர்களாகவும் இருக்கட்டும், அவர்கள் யாரும் அறுபது நிமிஷம் டிஃபென்ஸ் ஆடப் போவதில்லை.

மழை வேறு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. டிட்வா புயல் சென்னையில் கொட்டித் தீர்த்த அந்த வாரம்தான் ஜூனியர் உலகக் கோப்பையும் நடந்துகொண்டிருந்தது. குறித்தபடி டிசம்பர் 10 அன்று ஃபைனல் முடிந்தது, ஜெர்மனி ஸ்பெயினை ஷூட் அவுட்டில் ஜெயித்தது. டர்ஃபில் தண்ணீர் வடிந்துவிடும். மண் மைதானத்தில் ஒரு மணி நேர மழைக்கு ஒரு நாள் போகும், அடுத்த நாள் சேறு. ஆகவே ஜனவரி கடைசி, பிப்ரவரி. அட்டவணையில் ஒரு நாள் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி நாளில் "எக்ஸிபிஷன் மேட்ச்" போடலாம் என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

பெண்கள் பிரிவு சேர்ப்பதாக இருந்தால், அதை மிச்சம் இருக்கிற நேரத்தில் போடுகிற பழக்கம் ஒழிய வேண்டும். பல இடங்களில் மதியம் பன்னிரண்டு மணி ஸ்லாட் பெண்களுக்கு என்றே எழுதி வைத்த மாதிரி இருக்கும். பதினாறு பேரைத் திரட்ட முடியாத கல்லூரிகள்தான் பெண்கள் பக்கத்தில் அதிகம். அதற்கு ஹாக்கி 5 நல்ல வழி. அஞ்சு பேர், பத்து நிமிஷம் வீதம் இரண்டு பாதி, முழு மைதானத்தைக் குறுக்கே பிரித்தால் இரண்டு கோர்ட் கிடைக்கும். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த முதல் ஹாக்கி 5 உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் டீம் ஃபைனல் வரை போய் நெதர்லாந்திடம் தோற்றது. ஆனால் "பெண்களுக்கு 5, ஆண்களுக்கு 11" என்று போர்டு போட்டுவிடாதீர்கள். ஆள் திரட்ட முடியாத ஆண்கள் கல்லூரிகளும் ஹாக்கி 5-இல் ஆடட்டும், பதினோரு பேரோடு வருகிற பெண்கள் டீம்களுக்குப் பதினொன்று ஆட்டமும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. குலுக்கல் முடிந்து அட்டவணை எழுதும்போது எந்த டீம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து வருகிற டீமுக்குக் காலை ஏழு மணி மேட்ச் பெரிய விஷயமில்லை. கோவில்பட்டி டீம் அந்த ஏழு மணிக்குச் செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருக்கும், ரயில் லேட் என்றால். அவர்களுக்கு முதல் நாள் மாலை நாலரை மணி ஸ்லாட். குளித்து, சாப்பிட்டு, மூன்று மணி நேரம் தூங்கலாம். கடைசிக் குரூப் மேட்ச் காலையில் இருக்கட்டும். அதே நேரத்தில் அடுத்த மைதானத்தில் அந்தக் குரூப்பின் இன்னொரு மேட்ச். முடிந்து, மதியச் சாப்பாடு சாப்பிட்டு, தாம்பரத்துக்கு பஸ் ஏறினால் ராத்திரி ரயிலுக்கு நிறைய நேரம் இருக்கும். கோல்கீப்பரின் பேட் மூட்டையை வைக்க இடம் கிடைக்குமா என்பது டி.டி.ஆர். கையில்.